தொலைவில் இருக்கும் நாட்டுக்குக் கடமை உண்டா? ருவாண்டாவிலிருந்து காம்பியா வரை

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

போஸ்னியா செர்பியாவின் மீது தொடுத்த வழக்கில், 2007 பிப்ரவரி 26 அன்று ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனப்படுகொலையைத் தடுக்கும் கடமை எந்த நாட்டுக்கு எவ்வளவு உண்டு என்பதை அளக்க அந்தத் தீர்ப்பில் ஓர் அளவுகோல் சொல்லப்பட்டிருக்கிறது. கொலை செய்பவர்களிடம் அந்த நாட்டின் பேச்சு எடுபடுமா, அவர்களோடு அதற்கு என்ன உறவு என்பவற்றோடு, நிகழ்விடத்திலிருந்து அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் நீதிபதிகள் கணக்கில் சேர்த்தார்கள். 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்த படுகொலைக்குச் செர்பியா நேரடிப் பொறுப்பில்லை என்றார்கள். ஆனால் அதைத் தடுக்கத் தவறியது என்று அவர்கள் முடிவு செய்தது இந்த அளவுகோலை வைத்துத்தான். செர்பியா பக்கத்திலேயே இருந்தது. கொன்ற போஸ்னிய செர்பியப் படைக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்து வந்தது.

அப்படியானால் தொலைவில் இருக்கும் நாடு தப்பித்துக்கொள்ளலாமா? 'எங்கோ நடக்கிறது, நமக்கென்ன' என்னும் மனநிலைக்குச் சட்டமே இடம் கொடுத்துவிட்டதா? அப்படி இல்லை என்பது என் கருத்து. படை அனுப்பும் ஆற்றல் தொலைவோடு குறையும். அதை மறுக்க முடியாது. ஆனால் அவையில் எழுந்து பேசுவதற்கும், தூதரை வெளியேற்றுவதற்கும், தப்பி வருகிறவர்களுக்குக் கதவு திறப்பதற்கும், வழக்குத் தொடுப்பதற்கும் கிலோமீட்டர் ஒரு தடையல்ல. அண்டை நாட்டின் கையை எல்லைத் தகராறும் ஆற்று நீரும் வணிகமும் கட்டிப்போடும். தொலைவில் இருக்கும் நாட்டுக்கு அந்தக் கட்டுகள் பெரும்பாலும் இருப்பதில்லை.

உதாரணத்துக்கு 1994 ஏப்ரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 6 அன்று ருவாண்டா அதிபர் ஹபியாரிமானாவின் விமானம் தலைநகர் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்ட சில மணி நேரத்திலேயே சிறுபான்மையினரான டுட்சி மக்கள் மீதான கொலைகள் தொடங்கிவிட்டன. சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். அந்த மாதம் ஐநா பாதுகாப்பு அவையின் தலைமை, பூமிப்பந்தின் மறுகோடியில் இருக்கும் நியூசிலாந்திடம் இருந்தது. அதன் தூதர் காலின் கீட்டிங், நடப்பதை இனப்படுகொலை என்று அவை அறிவிக்க வேண்டும் என வாதாடினார். வல்லரசுகள் ஒப்பவில்லை. மாத இறுதியோடு தம் தலைமைக் காலம் முடிவதை உணர்ந்த அவர், அறிக்கையைத் தீர்மானமாக மாற்றித் திறந்த வாக்கெடுப்புக்கு விடுவேன், யார் எதிர்க்கிறார்கள் என்பதை உலகம் பார்க்கட்டும் என்று எச்சரித்தார். அதன் பிறகே ஏப்ரல் 30 அன்று ஓர் அறிக்கை வெளிவந்தது. ஐநாவின் இனப்படுகொலை உடன்படிக்கையில் உள்ள வரையறை அதில் ஏறத்தாழ முழுமையாக இருந்தது. 'இனப்படுகொலை' என்ற சொல் மட்டும் இல்லை. ருவாண்டாவில் எந்த நலனும் இல்லாத ஒரு நாட்டுத் தூதர் இவ்வளவு தூரம் மல்லுக்கட்டியதற்கு அந்த விலகி நின்ற நிலையே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆழி

நெடுவழி அவர்களே, சொன்னது சரி. சொல்லாமல் விட்டது பெரிது. அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், ஏப்ரல் 21 அன்று, ருவாண்டாவில் இருந்த சுமார் 2,500 பேர் கொண்ட ஐநா படையை 270 பேராகக் குறைக்கும் 912ஆம் தீர்மானம் அதே அவையில் ஒருமனதாக நிறைவேறியது. ஒருமனதாக என்றால் நியூசிலாந்தும் கை தூக்கியது என்றே பொருள். அதே கீட்டிங், இருபது ஆண்டுகள் கழித்து 2014 ஏப்ரலில் பாதுகாப்பு அவைக்கு வந்து ருவாண்டாவிடம் மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர், ஐயமில்லை. ஆனால் அந்த அறிக்கையால் கிகாலியில் எந்தச் சாலைத் தடையில் எந்த உயிர் பிழைத்தது என்று கேட்டால் விடை இல்லை.

படிவம்

ஆழி கேட்ட கேள்விக்கு இரண்டு பக்கமும் உண்டு. வல்லரசுகள் அந்த ஒரு சொல்லுக்கு ஏன் அவ்வளவு அஞ்சின என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் ஆவணங்கள் பின்னாளில் வெளியாகியிருப்பதால் இதில் ஊகத்துக்கு அதிகம் வேலை இல்லை.

1994 மே 1 அன்று பாதுகாப்புத் துறையில் தயாரான ஒரு விவாதக் குறிப்பு, 'இனப்படுகொலை' என்ற முடிவுக்கு வருவதில் கவனமாக இருக்கும்படி எச்சரிக்கிறது. அப்படி முடிவு செய்தால் அரசு உண்மையிலேயே ஏதாவது செய்தாக வேண்டிய நிலை வரலாம் என வெளியுறவுத் துறையின் சட்டப் பிரிவு கவலைப்படுவதாகக் காரணமும் சொல்கிறது. ஜூன் 10 அன்று வெளியுறவுத் துறைப் பேச்சாளர் 'இனப்படுகொலைச் செயல்கள் நடந்துள்ளன' என்று மட்டும் சொன்னார். எத்தனை செயல்கள் சேர்ந்தால் இனப்படுகொலை ஆகும் என்று ஒரு செய்தியாளர் கேட்டார். அதற்குத் தெளிவான பதில் வரவில்லை.

இதற்குப் பின்னால் 1993 அக்டோபர் இருக்கிறது. சோமாலியத் தலைநகர் மொகதிசுவில் ஒரே மோதலில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்த பிறகு, ஆப்பிரிக்காவில் இன்னொரு படை நடவடிக்கை என்ற பேச்சையே வாஷிங்டன் விரும்பவில்லை. ஐநா அமைதிப் படைகளுக்குக் கடுமையான நிபந்தனைகள் விதிக்கும் அதிபர் ஆணை, படுகொலை உச்சத்தில் இருந்த மே 3 அன்றே கையெழுத்தானது.

ஆனால் படையே அனுப்பாமல் செய்யக்கூடியவை இருந்தன என்பதுதான் என்னை உறுத்துகிறது. ருவாண்டாவில் இயங்கிய ஆர்டிஎல்எம் வானொலி, யாரைக் கொல்ல வேண்டும், அவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அதன் அலைவரிசையை விமானத்திலிருந்து முடக்க முடியுமா என்று வெள்ளை மாளிகை கேட்டது. மே 5 அன்று பென்டகன் அனுப்பிய பதில், அது பயன் தராத, செலவு மிகுந்த வழி என்றது. விமானம் பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 8,500 டாலர் ஆகும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஐநா கேட்ட ஐம்பது கவச வண்டிகளின் கதையும் இப்படித்தான். வாடகை எவ்வளவு, ஏற்றுக்கூலி யாருடையது என்று வாரக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. படுகொலை ஓயும் வரை அவை ருவாண்டாவுக்குள் வந்து சேரவில்லை. வாஷிங்டனில் இருந்த ருவாண்டாத் தூதரகத்தை மூட உத்தரவிடப்பட்டது ஜூலை 15 அன்று. கிகாலி ஜூலை 4 அன்றே கிளர்ச்சிப் படையின் கைக்குப் போய்விட்டது. தோற்று ஓடிய அரசின் தூதரகத்தைத்தான் மூடினார்கள்.

ஆகவே தகவல் இல்லை என்ற சாக்கு எடுபடாது. ருவாண்டாவில் இருந்த ஐநா படையின் தளபதி டாலேர் ஜனவரி 11 அன்றே ஆயுதக் கிடங்குகளைப் பற்றி நியூயார்க்குக்குத் தந்தி அடித்திருந்தார். கிடங்குகளைச் சோதனையிட அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தெரிந்தும் எதுவும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு நிர்வாக நடைமுறை வேண்டியிருக்கிறது. கோப்பு நகர்கிறது, கூட்டம் நடக்கிறது, செலவு மதிப்பீடு கேட்கப்படுகிறது. பார்க்கிறவருக்கு எல்லாம் இயங்குவது போலவே தோன்றும்.

வெண்சங்கு

எல்லோரும் நியூயார்க்கையும் வாஷிங்டனையும் பேசுகிறீர்கள். கானாவைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

ஏப்ரல் 7 அன்று, பிரதமர் அகாத்தே உவிலிங்கியிமானாவைக் காக்கச் சென்ற, ஐநா படையைச் சேர்ந்த பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். பிரதமரும் அன்றே கொல்லப்பட்டார். பெல்ஜியம் தன் படையை முழுவதுமாகத் திரும்ப அழைத்துக்கொண்டது. மற்றவர்களும் வெளியேற வேண்டும் என்று பிற நாடுகளை வற்புறுத்தவும் செய்தது. ஏப்ரல் 11 அன்று கிகாலியின் தொழில்நுட்பப் பள்ளி ஒன்றிலிருந்து பெல்ஜிய வீரர்கள் கிளம்பியபோது, அங்கே தஞ்சம் புகுந்திருந்த சுமார் இரண்டாயிரம் பேர் வெளியே காத்திருந்த ஆயுதக் கும்பலிடம் விடப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டனர். பெல்ஜியம் ருவாண்டாவை ஆண்ட நாடு. உறவு என்ற அளவுகோலில் பார்த்தால் அதுதான் மிக நெருக்கம்.

கானாவுக்கு ருவாண்டா எல்லை நாடும் அல்ல, பழைய உடைமையும் அல்ல. கண்டத்தின் மேற்குக் கரையிலிருந்து மத்திய ஆப்பிரிக்காவுக்கு வந்த படை அது. ஐநா படையின் துணைத் தளபதியாக இருந்த கானா நாட்டு அதிகாரி ஹென்றி அன்யிடோஹோ, விலகும் பேச்சு வந்தபோது இருப்போம் என்று முடிவெடுத்தார்; அவருடைய அரசும் அதை ஏற்றது. எஞ்சிய சிறு படையில் பெரும்பகுதி கானா வீரர்கள்தான். போதிய வண்டியும் மருந்தும் தோட்டாவும் இல்லாமல், அமஹோரோ விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கானவர்களை அவர்கள் காத்து நின்றார்கள். செனகலைச் சேர்ந்த கேப்டன் ம்பாயே டியாங் ஐநாவின் ஆயுதம் ஏந்தாத பார்வையாளர். சாலைத் தடைகளில் பேசியும் சிரித்தும் சிகரெட் கொடுத்தும் ஆட்களைத் தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மே 31 அன்று குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்த ஐநாவுக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

எந்தச் சாலைத் தடையில் எந்த உயிர் பிழைத்தது என்று ஆழி கேட்டிருந்தார். இவர்கள் நின்ற இடங்களில் பிழைத்தது.

ஆழி

வெண்சங்கு அவர்களின் பதிவை மதிக்கிறேன். அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. அங்கே உயிர் காத்தது உடம்போடு அங்கே இருந்தவர்கள்தான். தொலைவில் இருந்தபடி பேசுவது வேறு வகை.

'அந்தச் சொல்லைச் சொன்னால் செயல்பட வேண்டி வரும்' என்று அமெரிக்கா அஞ்சியதாகப் படிவம் எழுதியிருக்கிறார். பத்தே ஆண்டுகளில் அந்த அச்சம் தெளிந்துவிட்டது. 2004 செப்டம்பர் 9 அன்று, செனட்டின் வெளியுறவுக் குழு முன் அமர்ந்து, சூடானின் தார்ஃபூர்ப் பகுதியில் இனப்படுகொலை நடந்திருக்கிறது என்று வெளியுறவு அமைச்சர் காலின் பவல் வெளிப்படையாக அறிவித்தார். பதவியில் இருக்கும் ஓர் அரசு, நடந்துகொண்டிருக்கும் கொலைகளை அப்படி அழைப்பது வழக்கத்தில் இல்லாத செய்தி. ஆனால் அதே பேச்சில், இந்த முடிவால் புதிய நடவடிக்கை எதுவும் கட்டாயமாகிவிடவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அதாவது சொல்லைச் சொல்லலாம், ஒன்றும் ஆகாது என்று வழக்கறிஞர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் அதே தார்ஃபூரைப் பற்றி, இம்முறை சூடானின் துணை இராணுவப் படையான ஆர்எஸ்எஃப் மீது, பதவி முடியும் தறுவாயில் இருந்த இன்னோர் அமெரிக்க அரசு அதே அறிவிப்பை மறுபடி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் தார்ஃபூரின் அல் ஃபாஷிர் நகரம் அந்தப் படையிடம் வீழ்ந்தபோது நடந்த கொலைகளை அந்த அறிவிப்பு தடுக்கவில்லை.

மறுபக்கம்

இதுவரை எழுதிய எல்லோரும், தொலைவு நாடு 'போதுமான அளவு செய்யவில்லை' என்ற ஒரே குறையைத்தான் பேசுகிறீர்கள். தொலைவு நாடு செய்ததே தீமையாக முடிந்த இடங்களையும் பார்க்க வேண்டும்.

கம்போடியாவை எடுத்துக்கொள்வோம். 1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பதினைந்து முதல் இருபது லட்சம் பேர் வரை மாண்டார்கள். அந்த ஆட்சியை வீழ்த்தியது பக்கத்து வியட்நாம். அதற்கு அதன் சொந்தக் காரணங்கள் இருந்தன. உலகம் என்ன செய்தது? 1979 செப்டம்பரில் ஐநா பொது அவையில் கம்போடியாவின் இருக்கை யாருக்கு என்று வாக்கெடுப்பு நடந்தது. வீழ்ந்த கெமர் ரூஜ் தலைவர் போல் பாட் ஆட்சியின் பிரதிநிதிக்கே அது போக வேண்டும் என்று 71 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தவை 35. அந்த எழுபத்தொன்றில் பெரும்பாலானவை கம்போடியாவை வரைபடத்தில் மட்டுமே பார்த்த நாடுகள். வியட்நாமையும் சோவியத் ஒன்றியத்தையும் தண்டிக்க வேண்டும் என்ற கணக்கில், மண்டை ஓடுகளின் குவியல் அவர்கள் கண்ணில் படவில்லை. இந்தியா 1980 ஜூலையில் வியட்நாம் ஆதரவில் அமைந்த புதிய அரசை ஏற்றபோது மேற்கிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் கிடைத்தது கண்டனம்.

1994 ஜூனில் ருவாண்டாவுக்குப் பிரான்ஸ் பாதுகாப்பு அவையின் ஒப்புதலோடு படை அனுப்பியதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சில ஆயிரம் உயிர்களைக் காத்தது என்பார்கள். கொலை செய்தவர்களும் அந்தப் படை அமைத்த வளையத்தின் வழியாகத்தான் பக்கத்து ஜயீர் நாட்டுக்குத் (இன்றைய காங்கோ மக்களாட்சிக் குடியரசு) தப்பினார்கள். கொலைக்கு முந்தைய ஆண்டுகளில் அந்த அரசைத் தாங்கி நின்றதும் பாரிஸ்தான். பிரான்சே அமைத்த வரலாற்றாய்வுக் குழு 2021 மார்ச்சில் பிரான்சுக்குக் கனத்த பொறுப்பு உண்டு என்று எழுதிவிட்டது, உடந்தை என்று சொல்லவில்லை என்றாலும்.

ஆகவே 'தொலைவில் இருப்பவருக்கு நலன் இல்லை, கட்டு இல்லை' என்று நெடுவழி சொல்வதை நான் ஏற்கவில்லை. வல்லரசுக்குத் தொலைவு என்பதே கிடையாது. அது எங்கும் பக்கத்து வீடுதான்.

நெடுவழி

மறுபக்கம் அவர்களின் கடைசி வரியை ஏற்றுக்கொள்கிறேன். என் வாதத்தை அந்த அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம்: நான் சொல்வது வல்லரசு அல்லாத தொலைவு நாடுகளைப் பற்றி. அதற்கு என்னிடம் இருக்கும் வலுவான சான்று காம்பியா.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இரு கரையாக நீளும் மிகச் சிறிய நாடு. மக்கள் தொகை முப்பது லட்சத்தைத் தொடாது. மியான்மார் அங்கிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். 2017 ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையால் மியான்மாரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்யா மக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். காம்பியாவின் நீதி அமைச்சர் அபூபக்கர் தம்பாடு 2018இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களுக்குச் சென்றார். அவர் அதற்கு முன்பு தான்சானியாவின் அருஷாவில், ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த ஐநா தீர்ப்பாயத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் பணியாற்றியவர். முகாமில் கேட்ட கதைகள் அவருக்குப் புதியவை அல்ல. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஆதரவைத் திரட்டி, 2019 நவம்பர் 11 அன்று மியான்மார் மீது காம்பியா அதே பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் நடந்த விசாரணையில் மியான்மாருக்காக அதன் அப்போதைய அரசுத் தலைவர்களில் ஒருவரான ஆங் சான் சூச்சியே வந்து வாதாடினார். 2020 ஜனவரி 23 அன்று, ரோஹிங்யாக்களைக் காக்கவும் சான்றுகளை அழிக்காதிருக்கவும் குறித்த காலத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவும் நீதிமன்றம் ஒருமனதாக ஆணையிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய சட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. ஆழி இதைப் பொறுமையோடு படிக்க வேண்டும். இனப்படுகொலை உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புதான் நாடுகளை நீதிமன்றத்துக்கு இழுக்க வழி செய்கிறது. பாதிப்பின் சுமையைத் தாங்கிய வங்கதேசம், உடன்படிக்கையில் சேரும்போதே, சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் ஒப்பினால்தான் வழக்கு என்று அந்த உறுப்புக்கு விலக்குப் போட்டுக்கொண்ட நாடு. மியான்மாரின் மற்ற இரு பெரிய அண்டை நாடுகளான இந்தியாவும் சீனாவும் அதே உறுப்புக்கு விலக்கு வைத்திருக்கின்றன. அண்டையில் இருந்த இந்த நாடுகளுக்குச் சட்ட வழியே அடைபட்டிருந்தது. காம்பியா விலக்கு எதுவும் வைக்கவில்லை. 'உனக்கு என்ன இழப்பு? நீ ஏன் வந்தாய்?' என்ற மியான்மாரின் எதிர்ப்பை 2022 ஜூலை 22 அன்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஒவ்வொரு நாட்டுக்கும் அது காக்கப்படுவதில் பொது அக்கறை உண்டு, தனி இழப்பைக் காட்டத் தேவையில்லை என்பது அதன் விடை. 2007 தீர்ப்பில் தடுக்கும் கடமைக்குத் தொலைவும் ஓர் அளவாக நின்றது. வழக்குத் தொடுக்கும் உரிமைக்கு அது பொருட்டே இல்லை என்று 2022இல் ஆகிவிட்டது.

2023 டிசம்பர் 29 அன்று காசா தொடர்பாக இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. 2024 ஜனவரியில் இடைக்கால ஆணை வந்தது. நான் அறிந்த வரை அதில் இறுதித் தீர்ப்பு இன்னும் இல்லை என்பதால் அதன் முடிவைப் பற்றி இந்த இழையில் சண்டை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறுந்தொகுப்பு

இங்கே ஒரு தமிழர் கேட்காமல் இருக்க முடியாத கேள்வியைக் கேட்கிறேன். 2022 மே 18 அன்று கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை, இலங்கையில் தமிழர்கள் மீது நடந்தது இனப்படுகொலை என்று ஏற்று, அந்த நாளை நினைவு நாளாக அறிவிக்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. இலங்கை அரசு அதை முற்றாக மறுக்கிறது. ஆனால் 2009இல், அது நடந்துகொண்டிருந்தபோது, இதே உலகத் தலைநகரங்கள் என்ன செய்தன? ஐநாவின் நடத்தையை ஆராய்ந்து 2012 நவம்பரில் வெளியான உள்ளக மீளாய்வு அறிக்கையே, மக்களைக் காக்கும் பொறுப்பில் ஐநா அமைப்பு தவறியது என்று எழுதியது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வரும் தீர்மானத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

படிவம்

குறுந்தொகுப்பு கேட்டதற்கு நேரடி விடை என்னிடம் இல்லை; ஒரு பழைய நிகழ்வை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன். ஒட்டோமான் துருக்கியில் 1915இல் தொடங்கிய ஆர்மேனிய இனப்படுகொலையை உலகிலேயே முதலில் சட்டமியற்றி நினைவுகூர்ந்த நாடு, நிகழ்விடத்துக்கு எந்த வகையிலும் தொடர்பில்லாத உருகுவே, ஆண்டு 1965. அதன் தலைநகர் மொண்டெவிடியோவில் குடியேறியிருந்த ஆர்மேனியர்கள் அதற்குக் காரணம். கனடாவில் தமிழர்கள் எப்படியோ, உருகுவேயில் ஆர்மேனியர்கள் அப்படி. இதை 'வாக்கு வங்கி' என்று எளிதாகத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. உயிர் பிழைத்தவர்கள் தங்கள் வாழ்வை ஒரு புதிய நாட்டில் அமைத்துக்கொண்டு, அந்த நாட்டின் குடிமக்களாக அதன் அவையில் கேள்வி எழுப்புவது எந்த வகையில் குறைவான அரசியல்? துருக்கி நட்பு நாடாக இருந்ததால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதையே சொல்ல 2019 வரையும், அதிபர் அதை முறையாக ஏற்று அறிவிக்க 2021 வரையும் ஆயிற்று.

ஆனால் 1915இல் நிலைமை வேறு. அன்று நடுநிலை வகித்த அமெரிக்காவின் தூதர் ஹென்றி மார்கன்தாவ், ஓர் இனத்தையே அழிக்கும் நடவடிக்கை நடப்பதாக ஜூலை 16 அன்று இஸ்தான்புல்லிலிருந்து தந்தி அனுப்பினார். அரசு நடுநிலையைக் கைவிடவில்லை. மக்கள் செய்தார்கள். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் நியூயார்க்கில் உருவான நிவாரணக் குழு, பின்னர் 'அண்மைக் கிழக்கு நிவாரணம்' என்ற பெயர் பெற்று, பதினைந்து ஆண்டுகளில் பத்துக் கோடி டாலருக்கும் மேல் திரட்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அனாதைக் குழந்தைகளை வளர்த்தது. தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் உண்டியல் ஏந்தித் திரட்டிய பணம் அதில் பெரும்பங்கு. ஒரு தொலைவு நாட்டின் அரசும் மக்களும் ஒரே நேரத்தில் எதிர்த் திசைகளில் நடந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வெண்சங்கு

பணம் திரட்டியவர்களைப் பாராட்டுங்கள். அதே மக்கள் கதவைத் திறந்தார்களா என்றும் கேளுங்கள். 1924இல் அமெரிக்கா குடியேற்ற ஒதுக்கீட்டை இறுக்கியது. அடுத்த பேரழிவின்போது யூதர்களுக்கு எதிரே நின்ற சுவர் அதுதான். 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்ப வழி தேடிய யூதர்களைப் பற்றிப் பேசின. ஒவ்வொரு பிரதிநிதியும் எழுந்து அனுதாபம் தெரிவித்தார். பிறகு தம் நாட்டால் இயலாததற்குக் காரணம் சொன்னார். ஆஸ்திரேலியப் பிரதிநிதி, எங்கள் நாட்டில் இனச் சிக்கல் இல்லை, அதை இறக்குமதி செய்ய விருப்பமும் இல்லை என்றே பேசினார். அந்த மண்ணின் பூர்வகுடிகள் அவர் நினைவுக்கு வரவில்லை போலும். பெரும் எண்ணிக்கையில் ஏற்கிறோம் என்று முன்வந்தது டொமினிக்கன் குடியரசு மட்டும். அதன் சர்வாதிகாரி துருஹில்லோ முந்தைய ஆண்டுதான் ஆயிரக்கணக்கான ஹெயிட்டியர்களைக் கொன்று குவித்திருந்தார். அவர் நோக்கம் எதுவாக இருந்தாலும், சொசுவா என்ற ஊரில் சில நூறு யூதர்கள் உயிரோடு குடியேறினார்கள்.

ஆழி

இந்த எவியான் பதிவுதான் இழையிலேயே என்னை அசைத்தது. காம்பியா வழக்கைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2020 ஆணைக்குப் பிறகு 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நீதிமன்றத்தில் வாதாடிய சூச்சியே சிறைக்குப் போனார். அடுத்த விசாரணைக்கு இராணுவ ஆட்சியின் பிரதிநிதிகள் வந்து நாட்டின் பெயரில் அமர்ந்தார்கள். மியான்மாரின் ரக்கைன் மாநிலத்தில் எஞ்சியிருக்கும் ரோஹிங்யாக்களின் நிலை மேம்படவில்லை, முகாம்களில் இருப்பவர்கள் திரும்பவும் இல்லை. வழக்கு என்பது ஆவணம். அதன் மதிப்பை மறுக்கவில்லை. தடுப்பு என்று அதை அழைப்பதைத்தான் மறுக்கிறேன்.

நெடுவழி

உடன்படிக்கையின் முழுப் பெயரில் தடுத்தல், தண்டித்தல் என்று இரண்டும் இருக்கின்றன. முதலாவதில் ஆழியோடு எனக்கு உள்ள வேறுபாடு இந்த இழையில் தீராது. இரண்டாவதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் அதைச் சேர்த்துவிடுகிறேன்.

கொலையாளிகள் தப்பி ஓடும்போது தொலைவில்தான் ஒளிகிறார்கள். அந்த நேரத்தில் தொலைவு நாடு நிகழ்விடமாகவே மாறிவிடுகிறது. குடிவரவு அலுவலரும் உள்ளூர்க் காவல் துறையும் போதும், படை தேவையில்லை. 2001இல் பிரசெல்ஸ் நகரில் சாதாரணக் குடிமக்கள் அடங்கிய நடுவர் குழு, பெல்ஜியத்தில் வாழ்ந்துவந்த நான்கு ருவாண்டா நாட்டவரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அவர்களில் இருவர் கன்னியாஸ்திரிகள். எங்கு நடந்த கொடுங்குற்றத்தையும் விசாரிக்க இடமளித்த 1993ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடிப்படை. அந்தச் சட்டத்தின் கீழ் வல்லரசுத் தலைவர்கள் மீதும் புகார்கள் வரத் தொடங்கியதும் அமெரிக்கா மிரட்டியது. நேட்டோ தலைமையகத்தையே பிரசெல்ஸிலிருந்து மாற்ற நேரலாம் என்ற பேச்சு வந்தது. 2003இல் பெல்ஜியம் சட்டத்தைச் சுருக்கிக்கொண்டது. மறுபக்கம் அவர்களுக்கு இது வியப்பளிக்காது.

படிவம் குறிப்பிட்ட வானொலிக்குப் பணம் கொடுத்தவர்களில் முதன்மையானவராகக் குற்றம் சாட்டப்பட்ட பெலிசியன் கபூகா, 2020 மே 16 அன்று பாரிஸ் நகரை ஒட்டிய அனியேர் பகுதியில், வேறொரு பெயரில் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் பிடிபட்டார். அப்போது அவருக்கு எண்பது வயதைத் தாண்டியிருந்தது. மறதி நோயால் விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் அவர் இல்லை என்று 2023இல் ஹேக் நீதிபதிகள் முடிவு செய்ததால் வழக்கு தீர்ப்பை எட்டவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் தேடப்பட்டவர் ஐரோப்பாவின் நடுவில் வாடகை வீட்டில் இருந்திருக்கிறார். அந்த ஆண்டுகளில் அவர் எந்தெந்த எல்லைகளை எந்தெந்தத் தாள்களைக் காட்டிக் கடந்தார், அவற்றில் முத்திரை வைத்தது எந்த நாடு என்ற விசாரணையை எந்த நாடாளுமன்றமாவது நடத்தியிருக்கிறதா? அறிந்தவர்கள் எழுதுங்கள்.